பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாங்கிய கார்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினோரு பேர். ஏழு பேர் தேறினார்கள், நான்கு பேர் இல்லை. ஓட்டுநர் தேர்வு எடுக்கும் இந்த வேலைக்கு வந்து பத்தொன்பது வருடம். ஒரு நாளில் நான் பேசுவது மொத்தமே ஐந்து வாக்கியம். பெல்ட் போடுங்க. கண்ணாடி பாருங்க. நேராப் போங்க. ஓரமா நிறுத்துங்க. முடிவு கவுன்டர்ல சொல்லுவாங்க. வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரரிடம் பேச ஆறாவது வாக்கியம் வருவதில்லை.

வலது கெண்டைக்கால் விண்விண்ணென்று வலிக்கிறது. பயிற்சிப் பள்ளி வண்டியில் வருகிறவர்கள் பரவாயில்லை, என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். சொந்த வண்டியில் வந்தால் என் காலடியில் வெறும் தரைதான். கால் கேட்டால்தானே? அமுக்கிக்கொண்டே இருக்கிறது. தரையில் விரித்திருக்கும் மிதியடி சுருண்டு போகிறது. இறங்கும்போது குனிந்து அதை நேராக்கிவிட்டுத்தான் இறங்குவேன், ஓட்டுகிறவர் பார்க்காத மாதிரி.

காலையில் அவர் சொன்னார்: "தூக்கத்துலயும் உதைக்கிற. நான் கல்யாணம் பண்ணது ஆபீஸ்காரியையா, கால்பந்துக்காரியையான்னு தெரியல." சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 5, வியாழன்

பதிவேட்டுப் பிரிவில் ஓர் இடம் காலியாம். மேசை, மின்விசிறி, எதிலும் போய் மோதாத நாற்காலி. விண்ணப்பப் படிவம் வாங்கி வந்திருக்கிறேன். இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் கொடுக்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

நிரப்பவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். ஒன்பது மாதமாக நான் வண்டி ஓட்டவில்லை.

போன ஏப்ரலில் அந்தப் பெண், இருபது வயது இருக்கும், பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டாள். சொந்த வண்டி. நானும் அமுக்குகிறேன், அவளும் அமுக்குகிறாள், சுவர் கிட்டே வந்துகொண்டே இருந்தது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்குக் காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் வீட்டில். அதற்குப் பிறகு எங்கள் பழைய காரை எடுத்தால், பச்சை விளக்கைப் பார்த்தாலும் கால் பிரேக்குக்குப் போனது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே மானத்தை வாங்கினார்கள். நிறுத்த இடமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக் காரை விற்றேன். அவரிடமும் அதையேதான் சொன்னேன். அவருக்கு ஓட்டத் தெரியாது, மூன்று தடவை தேர்வில் தோற்று விட்டுவிட்டவர். அதனால் கேள்வி கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் லைசென்ஸ் கொடுக்கிறவள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறேன்.

இன்று ஒரு விளம்பரம் பார்த்தேன். ஐந்து கதவுள்ள சின்ன ஹேட்ச்பேக், அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய எஞ்சின், பின்னால் இரண்டு புகைக்குழாய். "தினமும் வேலைக்குப் போகலாம், மாதம் ஒருமுறை ரேஸ் டிராக்கிலும் ஓட்டலாம்" என்று போட்டிருந்தார்கள். டிராக்கில் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டலாமாம். விசாரித்தேன். எல்லாரும் ஒரே திசையில் போவார்கள். எதிரே யாரும் வர மாட்டார்கள். குறுக்கே யாரும் ஓட மாட்டார்கள்.

எதிரே யாரும் வராத சாலை! அதை நினைத்துக்கொண்டே துணி காயப்போட்டேன். அங்கேயும் என்னால் ஓட்ட முடியவில்லை என்றால் எங்கேயும் முடியாது. படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம்.

மார்ச் 13, வெள்ளி

தம்பிக்கு போன் செய்தேன். "உனக்கென்ன பைத்தியமாக்கா?" என்று ஆரம்பித்தான். பிறகு அவனே, "சரி, காலைல முதல் ஸ்டார்ட் நீயே போடு. எஞ்சின் ஆறிக் கிடக்கணும். எல்லா கியரும் போட்டுப் பாரு. மறந்துடாத" என்றான். எனக்கே சொல்லித் தருகிறான். வேலையே அதுதானே எனக்கு?

மார்ச் 14, சனி

பார்த்தேன். சாம்பல் நிறம். விற்கிறவர் பல் டாக்டர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கிளினிக்கின் பின்பக்கம் நின்றது. நான் போகும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காக சூடு பண்ணி வச்சிருக்கேன் மேடம்" என்றார். என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கதான் எனக்கு லைசென்ஸ் குடுத்தீங்க, ஒன்பது வருஷம் முன்னாடி. முதல் தடவை கண்ணாடி பாக்கலன்னு ஃபெயில் பண்ணீங்க" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

சாவியை நீட்டினார். கை நீளவில்லை. "நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

என்ன ஓட்டம்! மூன்று கண்ணாடியும் முறை வைத்துப் பார்க்கிறார். முப்பது மீட்டருக்கு முன்னாலேயே சிக்னல். முதல் கியரில் நகர்த்தி நேரே மூன்றாவதுக்குப் போகிறார், அலுங்காமல் குலுங்காமல். எஞ்சினுக்குச் சக்தி இருக்கும்போது இரண்டாவது எதற்கு, பெட்ரோலும் மிச்சம் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். "இப்படித்தான் ஓட்டணும்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

சீட் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிறது. கால் இன்று இரண்டே தடவைதான் தரையை அமுக்கியது. வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

டாக்டரே கொண்டுவந்து வாசலில் விட்டுப் போனார். பாரத்தை இறக்கிவிட்டது மாதிரி இருந்தது, நான் ஓட்டிவர வேண்டியதில்லையே என்று. அது வெட்கக்கேடு.

வீட்டுக்காரர் ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். "ரெண்டு புகைக்குழாய் எதுக்கு? ஒண்ணு அடைச்சுக்கிச்சுன்னா இன்னொண்ணா?" அதோடு உள்ளே போய்விட்டார். கணக்கு வாத்தியார், விடை தெரியாத கேள்வியில் அவசரப்பட மாட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

ஐந்து நாள் வாசலில் நின்றது. இன்று காலை ஆறு மணிக்கு, தெரு விழிப்பதற்குள், உட்கார்ந்தேன்.

சாவி திருப்பியதும் டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். பத்து விநாடி. பிறகு அடங்கிவிட்டது. சூடு பண்ணி வைத்த மரியாதை இதற்குத்தான்! சரி, போகட்டும் என்று முதல் கியர். நகர்ந்தது. இரண்டாவது — கர்ர்ர்ரக்! தெரு முனையில் பால் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி போட்டேன். மறுபடி கர்ரக். முதலிலேயே ஊர்ந்து தெருவைச் சுற்றி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் காரைப் பார்க்கவே இல்லை. ஓட்டுகிறவரைப் பார்த்தேன். கண்ணாடி பார்த்தாரா, சிக்னல் போட்டாரா, மதிப்பெண் போட்டுக் காரை வாங்கி வந்திருக்கிறேன். இரண்டாவது கியர் போகாததால் மூன்றாவதுக்குத் தாவினவரைப் பாராட்டி வேறு வந்திருக்கிறேன்! இந்த உலகத்தில் வேறு யாராவது இப்படி ஏமாறுவார்களா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மார்ச் 23, திங்கள்

டாக்டருக்கு போன் செய்தேன். "ரெண்டாவது கியர் பத்தி ஏன் சொல்லல?"

"மேடம், 'இப்படித்தான் ஓட்டணும்'னு நீங்களே சொன்னீங்க. பெரியவங்க சொல்லும்போது நான் எப்படி மறுத்துப் பேசுறது?"

போனை வைத்துவிட்டேன். ஒன்பது வருடம் காத்திருந்து என்னை ஃபெயில் பண்ணிவிட்டான். கண்ணாடி பார்த்துத்தான் பண்ணினான்.

மார்ச் 25, புதன்

மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒல்லியான பெண், பேச்சைவிடக் கை வேகமாகப் போகிறது. முதல் ஸ்டார்ட் சத்தத்துக்குக் காரணம், எஞ்சினுக்குள் ஒரு சங்கிலி தளர்ந்திருக்கிறதாம், அதை மாற்றியே ஆக வேண்டும், இரண்டு நாள். அது முடிந்தபின் டிராக்குக்கும் போகலாம். இரண்டாவது கியருக்காகக் கியர்பாக்ஸைத் திறந்தால் சாமான் வரவே மூன்று மாதம் ஆகும் என்றாள்.

"அதுவரைக்கும்?"

"கால்ல வேலை இருந்தா போதும்கா. கிளட்ச் அமுக்கி நியூட்ரலுக்கு வாங்க. கிளட்சை விடுங்க. ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு. மறுபடி கிளட்ச், அப்புறம் ரெண்டாவது. வேகத்தைக் குறைச்சு இறங்கும்போது இதுதான். ஏத்தும்போது அந்தத் தட்டு வேணாம், ஒரு மூச்சு பொறுத்தா போதும். அவசரப்பட்டா கத்தும்." வண்டியில் ஏறிச் செய்து காட்டினாள். வெண்ணெய் மாதிரி விழுந்தது.

எண்ணெயும் எங்கோ கசிகிற மாதிரி இருக்கிறதாம். இரவு வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள் போட்டு வைத்துக் காலையில் பார்க்கச் சொன்னாள்.

மார்ச் 28, சனி

சங்கிலி மாற்றி வந்துவிட்டது. தாள் போட்டுப் பார்த்ததில் மூன்று சொட்டு. ஒன்று பெரியது.

தாளை எடுத்துத் திருப்பினால் பதிவேட்டுப் பிரிவு விண்ணப்பம். மேசையில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போனேன் என்று நினைத்தேன். அப்படித்தானா?

மார்ச் 31, செவ்வாய்

கடைசி நாள். கவுன்டரில் புதுப் படிவம் ஒரு கட்டு இருக்கிறது. மதியம் வரை மூன்று தடவை அந்தப் பக்கம் போனேன். ஐந்து மணிக்குக் கவுன்டரை மூடிவிட்டார்கள்.

தைரியம் எல்லாம் இல்லை. அலுப்பு. எழுதிக் கொடுக்கவும் அலுப்பு.

ஏப்ரல் 9, வியாழன்

தினமும் காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம். தெருவுக்குள்ளேயே. கிளட்ச், நியூட்ரல், விடு, தட்டு, கிளட்ச், இரண்டு. பத்துக்கு நான்கு கத்துகிறது. பால் வாங்குகிறவர்கள் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை.

பெரிய சாலைக்கு இன்னும் போகவில்லை.

ஏப்ரல் 18, சனி

டிராக். எண்ணெய்க் கசிவை அடைத்துக் கொடுத்த மெக்கானிக்தான் ஓட்டி வந்தாள், பெரிய சாலை நாற்பது கிலோமீட்டரும். அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. "அதுக்கென்னக்கா" என்று சொல்லிவிட்டு பாட்டு போட்டுக்கொண்டாள். அவரிடம் சொல்ல முடியாததை இவளிடம் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

வாடகை ஹெல்மெட்டில் யாரோ ஒருவரின் தலையெண்ணெய் வாசனை. முதல் சுற்றுகளில் படு கேவலம். எதிரே யாரும் இல்லை, குறுக்கே யாரும் இல்லை, ஆனாலும் கால் பிரேக்கிலேயே கிடந்தது. நேரான இடத்திலும் மிதித்தேன். ஓரத்தில் நின்றவர் நீலக்கொடி காட்டிக்கொண்டே இருந்தார், பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடச் சொல்லி. கடைசியில் கை ஓய்ந்து கொடியைத் தோளில் போட்டுக்கொண்டார். இருபது நிமிடத்தில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். என்னால முடியல, அவ்வளவுதான், விடு — இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது மனதில்.

மெக்கானிக் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "அந்த மூணாவது வளைவு இருக்குல்ல, ரெண்டாவது கியர் இல்லாம அதுல வெளிய வரவே முடியாது. நீங்க மூணுலயே உருட்டிட்டு வர்றீங்க. பிரேக்கை முன்னாடியே முடிச்சிருங்க, காலுக்கு அப்புறம் வேற வேலை இருக்கு."

இரண்டாம் முறை போனேன். மூன்றாவது வளைவு. பிரேக் — முடித்துவிட்டேன், காலை எடுத்தேன், எடுத்தே ஆக வேண்டும், தட்டுவதற்கு அந்தக் கால்தானே வேண்டும்? கிளட்ச், நியூட்ரல், விடு, தட்டு, கிளட்ச். விழுந்தது. கத்தவில்லை. ஆக்சிலரேட்டரை அமுக்கினேன். வண்டி என்னைச் சீட்டோடு சேர்த்துத் தள்ளியது. அடுத்த வளைவு வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, நடுவில் ஓர் இடத்திலும் பயப்பட நேரமே கிடைக்கவில்லை என்று.

பதினோரு சுற்று. இரண்டு பேரைத் தாண்டினேன். ஒருவர் வேகம் குறைத்து வெளியே போகிறவர், அவரைக் கணக்கில் சேர்க்கலாமா தெரியவில்லை. சேர்த்துக்கொள்கிறேன்.

வரும்போது நான் ஓட்டினேன். மெக்கானிக் பக்கத்து சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள்.

ஏப்ரல் 20, திங்கள்

பன்னிரண்டு பேர். ஐந்து தேறினார்கள். கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலம் ஒரு பையன் முதலிலிருந்து மூன்றாவதுக்குத் தாவினான். "ரெண்டாவது போட்டுக் காட்டுங்க தம்பி" என்றேன். போட்டான். போனது.

ஏப்ரல் 27, திங்கள்

ஆபீசுக்குக் காரில் போகிறேன், ஒரு வாரமாக. ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு குழியும் இடுப்புக்குத் தெரிகிறது. இவ்வளவு விறைப்பான வண்டியைத் தினசரி ஓட்டலாம் என்று எழுதியவர் பல் டாக்டர், அடுத்தவர் வலி அவருக்குப் பழக்கம் என்பதை மறந்துவிட்டேன்.

மே 3, ஞாயிறு

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை விளக்கு, ஹாரன், காரை விற்ற பொய், டிராக். கேட்டுக்கொண்டே இருந்தார். "தெரியும்" என்றார். "நிறுத்த இடமில்லன்னு வித்த. வாசல்ல அவ்வளவு இடம் கிடக்கு. அதுகூட கணக்குப் போட வராதா எனக்கு?"

பிறகு சட்டை மாட்டிக்கொண்டு வந்து, "கடைக்குப் போலாமா? அரிசி தீந்துபோச்சு" என்றார்.

இந்தக் காரில் அவர் ஏறியது இதுதான் முதல் தடவை. அந்த சீட்டுக்குள் இறங்கவே இரண்டு முயற்சி ஆனது. பெரிய சாலையில் நெரிசல். எதிரே ஆட்கள், குறுக்கே ஆட்கள், ஒரு நாய். வளைவில் இரண்டாவது கியர் போட்டேன். சத்தமில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரியாது.

அவர் ஜன்னல் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். "ரொம்ப வேகமா போறேனா?" என்று கேட்டேன். "இல்ல இல்ல, நீ பாட்டுக்கு ஓட்டு" என்றார், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்குவதற்கு முன் அவர் குனிந்து காலடியில் எதையோ செய்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார். சுருண்டு கிடந்த மிதியடியை நேராக்கிக்கொண்டிருந்தார்.