எங்கள் ஊர்ச் சாவடியில் ஒரு கோலி

அன்பு மகள் சிராவுக்கு,

அப்பா எழுதுவது. நம் வழக்கப்படி வீட்டார் இருக்கிறார்களா என்று நீ கேட்பாய், இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டும். நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், இறைவன் அருளால் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லை, வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. அங்கே பனி முழங்கால் அளவுக்குக் கிடக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அம்மா நாள் முழுக்க அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் விடுமுறை முடிந்து திரும்பும் உன் சிநேகிதி பிந்தாவிடம் கொடுத்தனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும், தனியாக இருக்கும்போது படி.

அதிபர் மாளிகையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. தேர்தலில் தோற்றது உன் அம்மாவுக்குப் பெரிதில்லை மகளே. கடைசி ஓட்டு எண்ணி முடிப்பதற்குள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, ஜெயித்தவனைத் தானே கூப்பிட்டு வாழ்த்தினாள். இந்த நாட்டில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. ஜைனபா யாரென்று எனக்குத் தெரியாதா. உப்புத் தண்ணீர் நெல்வயலில் ஏறிய வருஷம் நாற்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு தலைநகரில் அமைச்சகப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாளே, நீ அப்போது என் தோளில். "பொம்பளைங்க வந்திருக்காங்க, டீயக் குடுத்து அனுப்பி வைங்க" என்றானாம் ஒரு அதிகாரி. டீயைக் குடித்துவிட்டு மூன்று நாள் அங்கேயே இருந்தார்கள், அணை வந்தது. அப்புறம் நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர், துணை அதிபர். அதிபர் இறந்தபோது கட்சிப் பெரியவர்கள், "ஆறு மாசம் உக்காரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். எட்டு வருஷம் உட்கார்ந்தாள், நடுவில் ஒரு தேர்தலையும் ஜெயித்தாள். அந்த எட்டு வருஷமும் நான் இரண்டடி பின்னால் நடந்தேன், வாத்தியார் என்று கூப்பிட்டவர்களெல்லாம் அம்மையாரின் வீட்டுக்காரர் என்றார்கள். அது எனக்கு வலித்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் நம் ஊர் வாக்குச் சாவடியின் முடிவு வந்த அன்று அவள் அழுதாள். எதிராளியின் ஓட்டுப் பீப்பாயில் இருநூற்றுப் பதினொரு கோலி, அவளுடையதில் இருநூற்றுப் பத்து. "நாடு என்னை வேணாம்னு சொல்லட்டும், என் ஊரு சொல்லலாமா? யாரு அந்த ஒருத்தன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவளாகவே முடிவு கட்டிவிட்டாள், உன் மாமா செய்னிதான் என்று. ரோடு பக்கத்து ஊருக்கு முதலில் போனதென்று அவர் அவளோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தது உனக்குத் தெரியும். அவர் ஒரு கூடை மீனோடு வந்தார், கூடையைத் திருப்பி அனுப்பினாள். ஊனமான காலை இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் நின்று, "குர்ஆன் மேல ஆணை ஜைனபா, உன் படம் போட்ட பீப்பாயிலதான் போட்டேன்" என்றார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இப்போது அவர் மகள் வயிற்றுப் பேத்தி பிறந்து, திங்கட்கிழமை பெயர் சூட்டுகிறார்கள். ஜைனபா என்றே வைக்க வேண்டுமென்று கிழவருக்கு ஆசை. "என் பேர அந்த வீட்டுல வைக்கக் கூடாதுன்னு சொல்லிருங்க" என்று இவள் ஆள் அனுப்பிவிட்டாள்.

அந்த ஒருத்தன் நான்தான் சிரா.

மார்ச் மாதம் உன் அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தாள், உனக்குச் சொல்லவில்லை. இன்னும் ஐந்து வருஷம் இப்படியே ஓடினால் இதயம் தாங்காது என்றார் மருத்துவர். தேர்தல் முடியட்டும் என்று என் வாயைப் பொத்தினாள். சாவடியில் அன்று எல்லாம் வழக்கம்போலத்தான், கோலி விழும்போது பீப்பாய்க்குள் அடிக்கும் மணியோடு சத்தம் குழம்பும் என்று சைக்கிள்களை ஆலமரத்துக்கு அப்பால் நிறுத்தியிருந்தார்கள், அதிகாரி என் ஓட்டாக ஒரு கோலியைக் கையில் கொடுத்தார், மறைப்புக்குள் வேட்பாளருக்கு ஒன்றாக இரண்டே பீப்பாய். அவள் படத்தைப் பார்த்தேன், படத்தில் நன்றாகச் சிரித்தாள். கை மற்றதில் போய்ப் போட்டது. மணி அடித்தது. வெளியே கேமராக்காரர்களோடு நின்றிருந்தவள் சத்தம் கேட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். எந்தப் பீப்பாயானாலும் மணி ஒன்றுதானே. அவளைக் காப்பாற்றத்தான் போட்டேன் என்று இத்தனை நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன், ஆனால் அந்த இரண்டடிக் கோபம் கையில் கொஞ்சம்கூட இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறாள், மதியம் தூங்குகிறாள், நான் வேண்டியதெல்லாம் கிடைத்தது, பக்கத்தில் உட்கார மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைத் தொழுகை முடிந்ததும் சொல்லிவிடப் போகிறேன். செய்னி மேல் அந்தப் பழி இன்னொரு நாள் கிடக்கக் கூடாது, அந்தக் குழந்தைக்கு அதன் பெயர் கிடைக்க வேண்டும். நீ என்னைத் தடுக்க வேண்டாம்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் இறைவன் நீண்ட ஆயுளும் நிம்மதியும் கொடுக்கட்டும், உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிறு மாலை அம்மாவைக் கூப்பிடு. எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே, அவள் சொல்வதைக் கேள், எவ்வளவு நேரமானாலும் நீயாகப் போனை வைக்காதே. அன்று அவள் என்னோடு பேசமாட்டாள், யாரோடாவது அவள் பேச வேண்டும்.

உன் அப்பா,
யாங்குபா