போகியில் போன நட்சத்திரம்

பெட்டியைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளைச் சுற்றி வைக்க நீ சேர்த்திருந்த துணிகள் மட்டும் உள்ளே கிடந்தன. என் பழைய காக்கிச் சட்டையைக் கத்தரித்தது ஒன்று, ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடப் பாவாடைத் துண்டு ஒன்று, உன் கிழிந்த நைட்டி. மூன்று ராஜாக்கள் திருநாள் நேற்றோடு முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்து வைக்க, ஒவ்வொரு வருடமும் நீ செய்த வேலையை இன்று முதல்முறையாக நான் செய்ய உட்கார்ந்தேன்.

நீ கண்ணை மூடிய வருடம் வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை. துக்க வீட்டில் கட்டுவதில்லையே. இந்த டிசம்பரில் பெரம்பூரிலிருந்து ஸ்டெல்லா வந்தாள். "ஒரு வருஷம் ஓடிப்போச்சுப்பா. இன்னும் வூட்ட இருட்டா வெச்சிக்கினு இருந்தா அம்மாவுக்கே புடிக்காது" என்று அவளே எல்லாவற்றையும் ஜோடித்தாள். இன்று எடுத்து வைக்கவும் அவள்தான் வந்திருக்கிறாள். நான் ஒரு ராஜாவைத் துணி சுற்றாமல் உள்ளே போட்டதற்குப் போட்டாளே ஒரு அதட்டல், அப்படியே உன் குரல்.

உன் சிக்கனத்தை நான் எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! குடிலில் பனியாகப் பரப்பிய பஞ்சு ஜனவரியில் தலையணைக்குள் போகும். புல்லுக்காக முளைக்க வைத்த கேழ்வரகு பக்கத்து வீட்டுக் காசியம்மாளின் ஆட்டுக்குப் போகும். எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி பால் டப்பாவில் ஊற்றி, கரண்ட் போகும் நாளுக்கு வைப்பாய். பரிசு சுற்றி வந்த காகிதத்தை யாரும் கிழிக்கக் கூடாது. பிளேடால் ஒட்டைப் பிரித்து, மெத்தைக்கு அடியில் வைத்துச் சுருக்கம் எடுப்பாய். "அடுத்த வருஷம் நம்ம போயி சேர்ந்தாலும் இந்த பேப்பர் இருக்கும்" என்பேன். "இருக்கட்டுமே, யாராச்சும் சுத்துவாங்க" என்பாய். இன்றைக்கு அது இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டேன்.

ஆனால் இந்த மடலை நான் எழுதுவது அந்தக் காகிதத்துக்காக இல்லை. நட்சத்திரத்துக்காக.

கல்யாணமான முதல் டிசம்பர். எனக்கு வேலை நிரந்தரமாகாத காலம். ராயபுரத்தில் அந்த ஒற்றை அறை. தெருவெல்லாம் நட்சத்திரம் தொங்கியது, நம் வாசல் மட்டும் மொட்டையாக இருந்தது. காசியம்மாள் வீசியெறிந்த உடைந்த மீன் கூடையை நீ எடுத்து வந்தாய். மூங்கிலைப் பிரித்துச் சீவி, வலை பின்னுகிற நரம்பால் ஐந்து முனையையும் இழுத்துக் கட்டினாய். விரலெல்லாம் அறுபட்டது. சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி உள்ளே பல்பு போட்டதும், நம் அறையிலிருந்த ஓட்டை உடைசல்கூட அழகாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் காகிதம் மட்டும் மாறும், கூடு அதேதான். பண்டிகை முடிந்ததும் பழைய பெட்ஷீட்டில் சுற்றி நீயே பரணில் ஏற்றுவாய். வேறு யாரையும் தொட விடமாட்டாய்.

பிறகு துறைமுகத்தில் எனக்கு கிரேன் ஓட்டும் வேலை நிரந்தரமானது. அதே தெருவிலேயே இந்த வீட்டுக்கு வந்தோம். ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னோடு வேலை பார்த்த நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் வாசலில் நின்று மேலே பார்த்தான். "இன்னா மாமு, கிரேன் ஆபரேட்டர் வூட்ல மீன் கூடை தொங்குது?" எல்லோரும் சிரித்தார்கள். கேக் தட்டோடு வந்த நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஜனவரியில் போகி. விடியற்காலை நீ பூசைக்குப் போயிருந்தாய். தெருவில் பழைய பாய்களைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். "வூட்ல பழசு எதுனா கீதா? கொண்டாங்க" என்று காசியம்மாள் கூப்பிட்டாள். நான் பரணில் ஏறினேன். பெட்ஷீட்டோடு எடுத்து வந்து நெருப்பில் வைத்தேன். காய்ந்த மூங்கில், நிமிடத்தில் போய்விட்டது. நீ வருவதற்குள் கைகால் கழுவிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

நீ ஒன்றும் கேட்கவில்லை. உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். டிசம்பரில் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணைத் துழாவினாய். "இன்னாங்க, ஸ்டார் மூட்டை எங்க கீது?" என்றாய். அதற்கான பதிலை நான் பதினோரு மாதமாகத் தயாராக வைத்திருந்தேன். "போகியில பழைய பாயோட சேந்து போயிருக்கும். நான் பாக்கலியே." ஸ்டூல் மேலிருந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாய். இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, வுடுங்க" என்றாய். மறுநாள் நான் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்கி வந்தேன். அதையும் நீ வருடா வருடம் துடைத்து, துணி சுற்றித்தான் வைத்தாய்.

அந்த பிளாஸ்டிக்கைத்தான் இன்று மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். "இன்னாப்பா ஆச்சு?" என்றாள் ஸ்டெல்லா. எப்படியோ வாய் திறந்து அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் தலை நிமிராமல் சீரியல் பல்ப் வயரை அட்டையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"அம்மாவுக்குத் தெரியும்ப்பா. அந்தப் போகி அன்னிக்கே காசியம்மா ஆயா சொல்லிட்டாங்க. நல்ல ஸ்டாரத் தூக்கி நெருப்புல போட்டுட்டாரேன்னு."

நட்சத்திரத்தைத் தரையில் வைத்தேன். "அப்புறம் ஏன் டிசம்பர்ல பரண்ல தேடுச்சு?"

"நானும் அதான் கேட்டேன். 'உங்கப்பாவே சொல்லட்டும்னு பாத்தேன்டி. சொல்லல. மேல மேல கேட்டா அது இன்னொரு பொய் சொல்லும். ஒண்ணு போதும்'னுச்சு."

இல்லாத மூட்டையைத் தேடித்தான் ஸ்டூல் மேல் ஏறியிருக்கிறாய். நான் உண்மையைச் சொல்வதற்காக அவ்வளவு நேரம் மேலேயே நின்றிருக்கிறாய்.

அதற்குப் பிறகு நாம் எத்தனை சண்டை போட்டோம்! உன் அண்ணன் விஷயத்தில், என் குடி விஷயத்தில், ஸ்டெல்லா கல்யாணத்தில். வார்த்தை தடித்த போதெல்லாம் இதை எடுத்து ஒரு போடு போட்டிருந்தால் நான் வாயடைத்துப் போயிருப்பேன். ஒரு பஞ்சைக்கூட வீணாக்காமல் மறுபடி மறுபடி பயன்படுத்தத் தெரிந்த நீ, இதை மட்டும் ஒருமுறைகூட எடுக்கவில்லை. நீ எனக்கு விட்டுப்போனதிலேயே கனமானது அதுதான். இனி அதை நான்தான் சுமக்க வேண்டும்.

ஒவ்வொரு தவக்காலமும் பாவசங்கீர்த்தனத்தில் குடித்ததைச் சொன்னேன், கோபப்பட்டதைச் சொன்னேன். இதைச் சொன்னதில்லை. சாமியாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீ காத்திருந்தது என் வாயால் கேட்பதற்கு.

பாயோடு சேர்ந்து போகவில்லை. தெரிந்துதான் போட்டேன்.