இரண்டாம் தடவை மாற்றிய மோட்டார்

கொல்லம் 1103 தை 6, பாறசாலை

மோட்டாரின் மேல்பாகத்தைக் கழற்றிவிட்டார்கள். முற்றத்தில் நாலு சக்கரமும் எஞ்சினுமாக நிற்கிறது. மாமனார் வாங்கியபோது அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம். பிறகு என் வீட்டுக்காரர் பின்னால் நீட்டி, துணிக்கூரை போட்டு, ஆறு பேருக்கு ஆக்கினார். இப்போது கொழுந்தன் சிவானந்தத்தின் முறை. நாலு பக்கமும் பலகை அடைத்து, கண்ணாடி வைத்து, உள்ளே திரையும் போடப் போகிறானாம்.

அவர் செத்ததிலிருந்து நான் அதில் ஏறியதில்லை. திறந்த வண்டியில் தாலியறுத்தவள் போனால் எதிரே வருகிறவர்களுக்கு ஆகாதாம். என் மூஞ்சிக்கு அவ்வளவு சக்தி!

தை 9

நான் பிறந்த ஊரான காரோட்டிலிருந்து எலியா வந்தான். அம்மாவின் தோப்பில் வேலை செய்கிறவன். "அம்மைக்கு ஒட்டும் வய்யா, எழும்பவே முடியல்ல. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே கெடக்காவ" என்றான்.

சிவானந்தத்திடம் ஓடினேன். "கொஞ்சம் பொறுங்க மைனி. அந்தத் திரையே உங்களுக்காக்கும்" என்றான். நம்பினேன். வேறென்ன செய்ய? மோட்டார் வந்ததும் காளைகளை விற்றாயிற்று. இந்த வீட்டுப் பெண்கள் ரோட்டில் நடப்பதும் இல்லை. எனக்கு வழியும் தெரியாது — கல்யாணத்தன்று மூடுவண்டிக்குள் வந்தவள்தானே; மோட்டாரிலும் கோயிலுக்குத் தவிர எங்கும் போனதில்லை.

தை 17

திருவனந்தபுரத்திலிருந்து கண்ணாடி இன்னும் வரவில்லை.

தை 23

கண்ணாடி வந்தது. கதவு மூடவில்லை. ஆசாரி திரும்பவும் செதுக்குகிறான். அவன் கையிலிருந்து உளியைப் பிடுங்கிவிடலாம் போலிருக்கிறது.

தை 27

வேலை முடிந்தது. புடவையை எடுத்து வைத்தேன். மாமியார் சொன்னாள்: "முதல்ல மகாதேவர் கோயில்ல பூசை. பொறவு நல்ல நாளு பாத்து உன்னை விடலாம்." பூசையன்று நான் அடுக்களையை விட்டு வெளியே வரக்கூடாதாம்.

நல்ல நாளு! பஞ்சாங்கம் பாத்தா எங்கம்மா கெடக்கா?

தை 29

விடிந்ததும் எலியா வந்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றான். போயிட்டா. எங்கம்மா போயிட்டா.

சிவானந்தம் வண்டியை எடுக்கப் போனான். மாமி குறுக்கே வந்தாள். "எலே, புது வண்டியாக்கும். மொத ஓட்டம் சாவு வீட்டுக்கா?" அவன் நின்றுவிட்டான்.

முன்வாசல் வழியே இறங்கி எலியாவின் பின்னால் நடந்தேன். எதிரே எத்தனையோ பேர் வந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெயில் உறைக்கும் முன்பே காரோடு ஊர் வந்துவிட்டது. இவ்வளவு பக்கமா? இவ்வளவு பக்கத்திலயா கெடந்தா?

அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டு விலாசினி என்னைக் கட்டிக்கொண்டு, "இப்பதான் வண்டி கிட்டிச்சா மக்கா?" என்றாள். நடந்து வந்தேன் என்றதும் என் காலைப் பார்த்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

மாசி 18, காரோடு

பதினாறு கழிந்து மோட்டார் வந்தது. தெருவே கூடிப் பார்த்தது. அழகாகத்தான் இருக்கிறது. சிவானந்தம் பின்கதவைத் திறந்து, "ஏறுங்க மைனி" என்றான்.

"நீ போ தம்பி. நான் நடந்து வாறேன்."

"எப்போ?" என்று கேட்டான். நான் பின்கதவைச் சாத்தினேன்.