வடிவம்மாவுக்குத் துட்டி

சங்கரன்கோவில்,
புதன்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை மாரிக்கண்ணனுக்கு,

அத்தான் எழுதுகிறேன். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். எத்தனையோ தடவை போனில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் கும்பிடுகிற கையை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாய். தாளில் எழுதினால் கடைசி வரைக்கும் படித்துத்தானே ஆக வேண்டும்.

நீ எழுதுகிற டிவி தொடரில் வடிவம்மாவை நீங்கள் எல்லோரும் சேர்ந்து சாகடித்த விஷயமாகத்தான் எழுதுகிறேன். எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் வந்தால் மனுஷனுக்குப் பசிக்கவாவது செய்யும். எனக்கு அதை நினைத்தால் வாயில் எச்சில் ஊறுகிறது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

சாவை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. திருவேங்கடம் பள்ளிக்கூடத்தில் நான் வேலை பார்த்தபோது ஆண்டுவிழா நாடகத்தில் ஒரு பையன் போர்க்களத்தில் செத்து விழுந்தான். அவனுடைய அம்மா கூட்டத்துக்கு நடுவில் எழுந்து, “ஏலே, போதும் எந்திரிலே” என்று கத்திவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவன் எழுந்து வந்து, மீசை அழியாத முகத்தோடு அவள் மடியில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் படபடப்பு அடங்கியது. நாடகம் என்று அவளுக்குத் தெரியாதா? உடுப்பை இஸ்திரி போட்டுக் கொடுத்தவளே அவள்தான். தெரிந்தும் பதறுவதுதான் மனுஷ மனசு. அதை நம்பித்தானே நீயும் பிழைக்கிறாய்.

வடிவம்மா யார் என்று எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கோபம் வந்தால் மடித்த துணியை உதறி மறுபடியும் மடிக்கிறவள் யார்? “அழுறதுன்னா மூக்கச் சிந்திட்டு வந்து அழு” என்று பிள்ளைகளை விரட்டுகிறவள் யார்? உன் அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்து, வளர்த்து, கல்யாணமாகி என்னோடு வரும்போது உன்னையும் கையில் பிடித்துக்கொண்டு வந்த உன் அக்கா கோமதியம்மாள்தான். அவளும் கண்டுபிடித்துவிட்டாள். ராத்திரி எட்டு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். “நான் இப்படியா முறைக்கேன்?” என்று என்னிடம் கேட்பாள். தெருவில் எல்லோரும் அவளை வடிவம்மா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் இதை எழுதுகிறவன் தன் தம்பிதான் என்று ஒருத்தரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் உனக்குக் கண் பட்டுவிடுமாம். நீ டிவியில் ஏதோ வேலையில் இருக்கிறாய் என்பதோடு தெரு நிறுத்திக்கொண்டது.

ஐப்பசியில் அவளுக்கு நெஞ்சுக் கோளாறு தெரிந்தபோது நீ தினமும் போன் செய்தாய். நான் சந்தோஷப்பட்டேன். “டாக்டர் என்ன சொன்னாரு, அப்படியே சொல்லுக்கா” என்று நீ கேட்க, அவள் ஒன்று விடாமல் சொன்னாள். இதயத்தில் ஒரு கதவு சரியாகத் திறக்கவில்லை, அதை மாற்றிவிட்டால் பேரன் பேத்தி எடுத்து நடமாடலாம், மாற்றாவிட்டால் படியேறக்கூட முடியாது என்று டாக்டர் அவளிடம் விளக்கியிருந்தார். அடுத்த மாதமே உன் தொடரில் வடிவம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. கோட்டுப் போட்ட ஒரு நடிகர், “உங்க இதயத்துல ஒரு கதவு சரியாத் திறக்கலம்மா” என்றார். நான் ரிமோட்டைத் தேடினேன். உன் அக்காள் என் கையைப் பிடித்து, “பாத்தியளா, நான் சொன்னத ஒரு வார்த்தை மாறாம ஞாபகம் வச்சிருக்கான்” என்றாள்.

அவளுக்கு அது பெருமை, மாப்பிள்ளை. நான் உயிரியல் வாத்தியார். தவளையை அறுக்க வேண்டுமென்றால்கூட முதலில் மயக்கம் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கத்தியைக் கொடுப்பேன். நீ உன் அக்காவை முழு நினைவோடு பலகையில் விரித்துவைத்தாய்.

பிறகு வடிவம்மா ஆஸ்பத்திரியில் படுத்தே கிடந்தாள். வாரக்கணக்கில். தெருமுனையில் பூக்கட்டும் இசக்கியம்மாள், வடிவம்மா பிழைத்தால் கோமதி அம்மனுக்கு மாவிளக்கு எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். நான் சிரித்தேன். உன் அக்காள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளோடு சேர்ந்து கோவிலுக்குப் போய்விட்டு, வரும் வழியில் மூச்சுக்கு நின்று நின்று வந்தாள்.

நீங்கள் கொன்ற விதத்தைச் சொல்கிறேன் கேள். நீ எழுதினாய், வெட்டி ஒட்டி அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒருவேளை நீ பார்க்காமலே இருக்கலாம். அறுவை அறையில் ஒரு கோடு மேலும் கீழும் ஓடுகிறது. நேராகிறது. உடனே பிஸ்கட் விளம்பரம். மறுபடியும் கோடு. சமையல் எண்ணெய் விளம்பரம். வடிவம்மாவின் முகத்தை அந்தப் பக்கத்திலிருந்தும் இந்தப் பக்கத்திலிருந்தும் மேலே இருந்தும் காட்டினார்கள், சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிற மாதிரி. மூக்கில் பஞ்சு வைப்பதை நிதானமாகக் காட்டினார்கள். அதற்குக் கீழே எழுத்து ஓடியது: வடிவம்மாவுக்காக நீங்கள் அழும் வீடியோவை அனுப்புங்கள், சிறந்த கண்ணீருக்குப் பட்டுச்சேலை பரிசு.

சிறந்த கண்ணீராம். நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவன் நான். கண்ணீருக்கு எப்படி மார்க் போடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு எப்சிபா செல்போனோடு வந்தாள். நல்ல பெண்தான், குற்றம் சொல்ல மாட்டேன். “வடிவம்மா மாதிரியே இருக்கிய மயினி. நீங்க அழுதா நமக்குத்தான் பரிசு. கொஞ்சம் அழுங்களேன்” என்றாள். உன் அக்காளுக்கு அழுகை வரவில்லை. எப்சிபா விளக்கைப் போட்டுப் பார்த்தாள், ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள், வெங்காயம் நறுக்கச் சொன்னாள். நான் செல்போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போம்மா என்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு பெண்பிள்ளையை நான் வீட்டை விட்டுப் போகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் தெருப் பெண்கள் துக்கம் கேட்க வருகிற மாதிரி வந்தார்கள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. “வடிவம்மா போயிட்டா, யாருகிட்டப் போய்த் துட்டி கேக்க, அதான் இங்கன வந்தோம்” என்று இசக்கியம்மாள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருத்தியாக அழுதார்கள். வடிவம்மா மருமகளுக்காகப் போலீஸ் ஸ்டேஷன் போனதைச் சொல்லி ஒருத்தி அழுதாள். தன் மாமியார் ஒருநாளும் தனக்காகப் போகவில்லை என்று சொல்லி இன்னொருத்தி அழுதாள். காபி போடட்டுமா என்று கேட்ட உன் அக்காவை, “துட்டி வீட்டுல காபியா?” என்று உட்கார வைத்துவிட்டார்கள். எழுந்து போகும்போது ஒருத்திகூட “போயிட்டு வாரேன்” என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்பது நாக்கில் ஊறிப்போன பழக்கம், வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் உயிரோடு வாசலில் நிற்கிறவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

கடைசியாக இசக்கியம்மாள் படியிறங்கினாள். அவள் நேர்த்திக்கடன் வீணாய்ப் போன ஆத்திரம் அவளுக்கு. தெருவில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். “இத எழுதினவன் எவனோ, அவன் கை வெளங்காமப் போவும். அவன் அக்கா தங்கச்சி இப்படிக் கெடக்கையில அவனுக்குத் தெரியும்” என்று தூற்றிவிட்டாள்.

உன் அக்காள் படியிறங்கி ஓடினாள். ஓட முடியாதவள் ஓடினாள். இசக்கியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏளா, அப்படிச் சொல்லாத. அவன் வயித்துப் பாட்டுக்கு எழுதுதான். சொன்னத மாத்திச் சொல்லு” என்று கெஞ்சினாள். இசக்கியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. “அவன் என்ன ஒன் தம்பியா, இப்படித் துடிக்க?” என்று கேட்டாள். உன் அக்காள் பிடித்த கையை விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே நின்றாள். அவள் நின்ற கோலத்தைப் பார்த்துப் பயந்துபோய், “சரிக்கா, அவன் நல்லா இருக்கட்டும், நல்லாவே இருக்கட்டும்” என்று இசக்கியம்மாள் சொன்ன பிறகுதான் கையை விட்டாள்.

திங்கட்கிழமை மதுரையில் ஆப்பரேஷன் என்று நாள் குறித்திருந்தது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துவைக்கச் சொன்னேன். நான் வரவில்லை என்றாள்.

டிவியில் பார்த்துப் பயந்துவிட்டாள் என்றுதான் நானும் எண்ணினேன். உனக்குத்தான் தெரியுமே, உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது. சினிமாவில் ரயில் கவிழ்கிறது, அதற்காக யாரும் ரயிலில் ஏறாமல் இருக்கிறார்களா என்றேன். வாசுதேவநல்லூரில் என்னோடு வேலை பார்த்த தலைமையாசிரியருக்கு இதே கதவைத்தான் மாற்றினார்கள், இப்போது சைக்கிளில் போகிறார் என்றேன். அவரையே போனில் பேச வைத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, காய்ந்த துணியை உதறி மடித்தாள். மறுபடியும் உதறி மடித்தாள். டாக்டர் அடுத்த வாரத்துக்கு இன்னொரு நாள் கொடுத்திருக்கிறார். அதற்கு மேலும் தள்ளினால் இந்த உடம்பு ஆப்பரேஷனைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். அவளால் இப்போது படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள்.

நேற்று காலையில், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“எனக்கு ஆப்பரேஷனுக்குப் பயமில்ல. நீங்க ரயிலு, சைக்கிளுன்னு சொல்லுதிய. நான் அங்கன போயி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னு வைங்க. இவன் எழுதினான், அவ செத்தா, அப்படின்னு விசயம் தெரிஞ்சா ஊரு சொல்லும். ஊரு கெடக்கட்டும். அவனே அப்படித்தான் நெனப்பான். பொறவு அவனால ஒரு வரி எழுத முடியாது, சோறு திங்க முடியாது. எனக்குத் தெரியும், நான் வளத்த பிள்ள. வீட்டுலயே கெடந்து போனேன்னா விதின்னு சொல்லிட்டுப் போயிருவாவ. அவன் பேரு வராதுல்லா.”

சொல்லிவிட்டு, கீரையில் புழு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

மாப்பிள்ளை, அந்த நடிகைக்கு வேறு வாய்ப்பு வந்துவிட்டது, சாகடித்தால்தான் பார்க்கிறவர்கள் கூடுவார்கள் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள், நான் என்ன அத்தான் செய்யட்டும் என்று போன மாதம் என்னிடம் சொன்னாய். இருக்கட்டும். கொல்லச் சொன்னது அவர்கள். ஆனால் டாக்டரின் வார்த்தையை எடுத்துக் கொடுக்கச் சொன்னது யார்? காசிக்குப் போகிறேன் என்று அந்த அம்மாளை ஒரு பெட்டியோடு ரயிலேற்றி விட்டிருக்கலாம். மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கலாம். நான் கதை எழுதுகிறவன் இல்லை, எனக்கே இரண்டு தோன்றுகிறது. கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்த உன் அக்காவின் நோயை எடுத்துப் போட்டாய். அதுதான் எனக்குக் குமட்டுகிறது. இதைப் பூசி மெழுகி எழுத எனக்குத் தெரியவில்லை.

நீ போனை எடுக்காமல் இருப்பது உனக்கும் குமட்டுவதால்தான் என்று நம்புகிறேன். அது நல்லதுதான். ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்க இப்போது நேரமில்லை.

வடிவம்மாவை எழுப்பிக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. இரட்டைப் பிறவி, கனவு என்று ஏதாவது செய்து தொலைக்காதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். நீ நேரில் வா. உன் அக்காள் ஆப்பரேஷனுக்கு வர மறுப்பது உனக்காக. அதனால் நான் கூப்பிட்டால் வர மாட்டாள், நீ கூப்பிட்டால்தான் வருவாள். காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மதுரைக்கு வா. உள்ளே கொண்டு போகும் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டிரு. என்ன ஆனாலும் உன்னால் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், நினைக்கவும் மாட்டேன். இதைக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ராத்திரி பொதிகை ரயிலில் ஏறினால் காலையில் இங்கே இறங்கிவிடலாம். நான் ஸ்டேஷனில் நிற்கிறேன். நீ வருவதை அவளிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் மூச்சு வாங்க வாங்க எழுந்து நின்று உனக்குப் பிடித்ததைச் சமைக்க ஆரம்பித்துவிடுவாள்.

உன் கை நன்றாக இருக்கட்டும், நீ நீண்ட நாள் எழுதிப் பிழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அத்தான்,
சௌந்தரபாண்டியன்