பாறை ஏறும் மீனும் உங்கள் சிரிப்பும்

இன்று காலை பல்கனிக் கதவைத் திறந்ததும் கடற்பாசி வெயிலில் காயும் வாடை முகத்தில் அடித்தது. மகள் இப்போது வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறாள். நானும் அவளோடுதான். "நாத்தம் அம்மா, கதவைச் சாத்துங்கோ" என்றாள். நான் சாத்தவில்லை. உங்களுக்குப் பிடித்த நாற்றம் அது.

அந்த நாட்களில் கொட்டாஞ்சேனையில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து இங்கே என் அக்கா வீட்டுக்கு வருவோம். சோறு ஆறிக்கொண்டிருக்கும், நீங்கள் பாறைகளுக்கு நடுவே குந்தியிருப்பீர்கள். கிழமை முழுக்கத் துறைமுகக் கந்தோரில் கணக்கேடுகளின்மேல் குனிந்திருந்த மனிதர், அங்கே போனால் சின்னப்பிள்ளை. விரல் நீளம்கூட இல்லாத அந்த மீன்கள் தண்ணீரை விட்டுப் பாறையில் ஏறித் துள்ளும்போது என்னையும் இழுத்துக் காட்டுவீர்கள்.

"பாருமப்பா! மீனாப் படைச்சுப்போட்டு, கல்லில ஏறு எண்டு விட்டிருக்கிறார். எப்பிடிப்பட்ட பகிடிக்காரன்!"

"கடவுளைப் போய் இப்பிடிக் கதைக்கிறதே?"

"படைச்சதெல்லாம் நல்லது எண்டு கண்டாராம். கண்டவர் சிரிக்காமலே இருந்திருப்பார்?"

எனக்கு அது விளங்கியதில்லை. என் கடவுள் கணக்குக் கேட்பவர். உங்களுடையவர் தான் செய்ததைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்.

அந்த ஞாயிறும் அப்படித்தான். மகளுக்குக் காட்டவென்று ஒரு மீனை ஜாம் போத்தலில் பிடித்தீர்கள். ரயில் பாதை வழியே ரோந்து வந்த இரண்டு ஆமிக்காரர் நின்றார்கள். நகரில் குண்டு வெடித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. போத்தலில் என்ன என்று ஒருவன் கேட்டான்.

"மாலுவெக், மாத்தயா" என்றீர்கள் சிங்களத்தில். ஒரு மீன், ஐயா. சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அவனும் பார்த்துச் சிரிப்பான் என்று நம்பினீர்கள். அவன் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று வாசித்தான். ரயில் பாதையடியில் என்ன வேலை என்று மறுபடி கேட்டான். மீன் பார்க்க வந்தேன் என்றீர்கள். அந்த உண்மையை நம்ப அவனால் முடியவில்லை.

போத்தலைக் கல்லின்மேல் கவிழ்த்தான். மீன் இரண்டு துள்ளலில் கடலுக்குள் போய்விட்டது. உங்களை ஜீப்பில் ஏற்றினார்கள். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

வழக்கும் இல்லை, குற்றமும் இல்லை. சோற்றுப் பார்சலோடு தடுப்பு முகாம் வாசலில் நான் நின்ற நாட்களை எழுதி என்ன பயன்? மழைக்காலம் முடிந்தபின் விட்டார்கள். அதன்பிறகு வலது கையை நீங்கள் தோளுக்குமேல் தூக்கியதே இல்லை. உள்ளே நடந்ததை நீங்கள் சொல்லவில்லை. உங்களைக் குளிக்க வார்த்த எனக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஒரு நாள் மகள் கேட்டாள்: "அப்பா, கடலுக்குப் போவமே?"

"அங்க என்ன கிடக்கு பிள்ளை? தண்ணிதானே."

அவர்கள் உங்களை அடித்த அடிகளைவிட எனக்கு அதுதான் வலித்தது.

பின்னொரு பூசையில் பாதர் படைப்பின் மகிழ்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். வெளியே வரும்போது, எப்படியாவது பழைய மனிதரைக் கிளப்பிவிடும் ஆசையில், "உங்கட பகிடிக்காரனைப் பற்றித்தான் சொன்னவர்" என்றேன்.

"அவர் இப்பவும் சிரிக்கிறாரோ தெரியாது, எனக்குக் கேக்கேல்ல" என்றீர்கள். கோபமே இல்லாமல் சொன்னீர்கள். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சண்டை ஓய்வதற்கு முன்பே உங்கள் நெஞ்சு நின்றுபோனது. இறைவனின் மகிழ்ச்சியில் பங்குபெறச் சென்றுவிட்டார் என்று அடக்கத்தில் பாதர் சொன்னார். ஆமென் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

இன்றும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். அம்மாவுக்கு விசுவாசம் கூடிவிட்டது என்கிறாள் மகள். அப்படியில்லை. உங்களைக் கொண்டுபோனவர்கள் உங்கள் உடம்பைத் திருப்பித் தந்தார்கள், சிரிப்பைத் தரவில்லை. எடுத்தவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. படைத்தவரின் பெயர் தெரியும். அவர் இருக்கும் இடமும் தெரியும். முன்வாங்கில் போய் உட்கார்ந்து, அந்தச் சிரிப்பை அவரிடம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.