விளக்கடியில் வைத்த குறுவாள்

என்னைப் பெத்த நைனாவுக்கு,

நீ கண்மூடி ஐந்து வருஷம் ஆகிறது. இந்த வருஷம் கோலார் தங்கச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். நம் ஊரிகத்தில் இப்போது ஷிப்ட் சங்கு ஊதுவதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது உன் குறுவாளைப் பற்றி.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான் பட்டாளம் மலாயாத் தோட்டத்திலிருந்து உன்னைப் பிடித்துப் போனபோது உனக்குப் பத்தொன்பது வயசு. முகாம் அதிகாரியின் இடுப்பில் இருந்தது அது. சண்டை முடிந்து அவன் போட்டுவிட்டு ஓடியதைப் படுக்கைக்குள் சுருட்டிக்கொண்டு கோலார் வந்து சேர்ந்தாய். "இத எதுக்கு நைனா வெச்சினு கீற?" என்று கேட்டால், "சொன்னா எவன் நம்புவான்? அதுக்குத்தான்" என்பாய். அதோடு சரி. மலேரியா திரும்பும் நாட்களில் மட்டும், "என் கண்ணு முன்னால அதால குத்தினானே" என்று புலம்பி, அங்கே செத்துப்போன சிநேகிதர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாய்.

அதை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் தூங்க என்னால் முடியவில்லை. போன வருஷம் பெங்களூரில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டேன். தப்பா நைனா?

போன மாசம் பார்க்கப் போனேன். துருவைத் தேய்த்து, சிவப்பு வெல்வெட்டில் வைத்து, விளக்குப் போட்டிருந்தார்கள். 'ஜப்பானிய அதிகாரியின் குறுவாள். நுட்பமான கைப்பிடி.' அவ்வளவுதான். ஒருவர் தன் மகளைத் தூக்கிக் காட்டி, "எவ்ளோ அழகா கீது பாரு" என்றார்.

பொறுப்பாளர் அம்மாவைத் தேடிப் போனேன்.

"மேடம், அது அழகுப் பொருளு இல்லீங்க. அதால ஆளுங்கள குத்தினாங்க. எங்க நைனா கண்ணால பாத்தாரு."

"குடுக்கும்போது நீங்க ஒண்ணும் சொல்லலையேம்மா?"

நிஜம்தான். படிவத்தில் 'பழைய கத்தி' என்று எழுதிவிட்டு பஸ் பிடித்தவள் நான். உனக்குச் சாட்சியாக இருந்ததை ஊமையாக்கியது நான்தானே?

"திருப்பி எடுத்துக்கிறீங்களா?"

"வாணாங்க. அந்த வெளக்க மட்டும் அணைங்க."

அப்போதே அணைத்தார். பிறகு என்னை உட்காரவைத்து, செத்தவர்களின் பெயர்களைக் கேட்டார். பதினோரு பேர் என்று சொல்வாயே, எனக்கு ஒன்பதுதான் வந்தது. இன்னும் இரண்டு பேர் யார் நைனா? நீ புலம்பும்போது நெற்றியில் ஈரத்துணி போட்டேனே தவிர, காது கொடுக்கவில்லையே.

இப்போது சுவரில் பெயர்கள் பெரிதாக இருக்கின்றன. குறுவாள் ஓர் இழுப்பறையில்; கேட்பவர்களுக்கு மட்டும், நடந்ததைச் சொல்லிவிட்டுத் திறந்து காட்டுகிறார்கள். அந்த அதிகாரியின் பெயரையும் தேடிப் போடலாமா என்று அந்த அம்மா கேட்டார். "போடுங்க. செஞ்சவன் யாருன்னும் தெரியட்டும். ஆனா கடைசியா போடுங்க" என்றேன்.

உன் குரல் ஒருமுறை கேட்டால் போதும், அந்த இரண்டு பெயர்களும் வந்துவிடும் என்று தோன்றுகிறது. கனவிலும் நீ வருவதில்லை. சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் மலாயாவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்த இன்னொருவரைத் தேடுவேன். சுவரில் இரண்டு வரி வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன், நைனா. அவர்களைத் தவிர வேறு யாரையும் அங்கே எழுத விடமாட்டேன்.

உன் ஒரே மகள்,
சரோஜா