பட்டியலில் எழுதாமல் விட்ட ஒன்று

குரோ கோவ், மெய்ன்
ஆகஸ்ட் கடைசி

அன்புள்ள மார்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ரோஜரும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவும் நானும் எழுந்து நடமாடுகிறோம், சாப்பிடுகிறோம், எங்கள் சுகம் அவ்வளவுதான். வெண்டெல் சித்தப்பா கடலில் போய்விட்டார் என்று போனில் சொன்னதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை, நீயும் அழுதுகொண்டே இருந்தாய், அதனால்தான் மிச்சத்தை எழுதுகிறேன். டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்ற பிறகு நீ வராமல் இருந்ததுதான் சரி, அதை நினைத்து நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அரிசோனா வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. கால் வீக்கம் வடிந்ததா என்று ரோஜரை விட்டாவது சொல்லச் சொல்.

துறையை வாங்கிய பாஸ்டன் அம்மாள் வெள்ளி முதல் ஞாயிறு வரை அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறாள் என்று உனக்குத் தெரியும். பத்திரம் இருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை என்று நீ கேட்டபோது அப்பா போனை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குச் சொல்லக் கூச்சம், எனக்கு இல்லை. துறையின் பழைய சொந்தக்காரர் கில்மன் கிழவர் சாகுமுன், துறை யார் கைக்குப் போனாலும் மீன்பிடிக்காரர்கள் புழங்கத்தான் என்று பத்திரம் எழுதித் தருவதாகச் சொன்னார் அல்லவா, அதற்காக வக்கீல் ஹாஸ்கெல் நம் சமையலறையில் வந்து உட்கார்ந்தார், படகுக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். துறையில் என்னென்ன செய்கிறீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அதெல்லாம் அனுமதிக்கப்பட்ட பயன்பாடு என்று எழுதிவிடுகிறேன் என்றார். சிங்க இறால் இறக்குவது, இரை ஏற்றுவது, டீசல் பிடிப்பது, இறால் பிடிக்கும் கூடுகளை அடுக்கி வைப்பது, கயிறு செப்பனிடுவது, ஆகஸ்டில் ஊருக்குச் சிங்க இறால் விருந்தும் அதற்குப் பிறகு ஆட்டமும், இப்படி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இன்னும் ஏதாவது உண்டா என்றார். எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். விட்டுப்போனது எது என்று அங்கே தெரியாத ஆள் வக்கீல் ஒருவர்தான். கடலில் மூழ்கிப்போனவரை, எங்கே கிடைத்தாலும், அந்தத் துறைக்குத்தானே கொண்டு வருவோம், எல்லாப் படகும் ஒன்றன்பின் ஒன்றாக, என்ஜினைத் தணித்து. ஆனால் அபசகுனம் என்று படகில் பன்றி என்ற பேச்சையே எடுக்காத மனுஷர்கள், மீன் அறையின் மூடியைத் தவறியும் கவிழ்த்து வைக்காத மனுஷர்கள், இதை வாய்விட்டுச் சொல்லிக் காகிதத்தில் எழுத விடுவார்களா? எழுதினால் வந்துவிடுமாம். நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் சித்தப்பா சிரித்துக்கொண்டே, "அண்ணி, நீங்க காப்பிய மட்டும் ஊத்துங்க, எங்க தலைல எதையும் ஊத்தாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துத் தொலைத்தேன். ஹாஸ்கெல் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, அப்படியானால் கடைசியில் "இவற்றைச் சார்ந்து வழக்கமாக நடந்துவரும் இதர பயன்பாடுகளும்" என்று போடட்டுமா, எதுவாக இருந்தாலும் அதற்குள் அடங்கிவிடும் என்றார். வயதில் மூத்தவரான கார்வர், அதையே போட்டுடுங்க சார், அது போதும் என்றார். பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி எல்லோரும் இன்னொரு கோப்பை காப்பி கேட்டார்கள்.

அந்த "இதர"வுக்குள் நாங்கள் ஒளித்து வைத்தது ஒன்று, அதற்குள் புகுந்தது வேறொன்று. பாஸ்டன் அம்மாளின் வக்கீல் நகரக் குழுவின் முன்னால் எழுந்து, சிங்க இறால் விருந்தும் ஆட்டமும் ஏற்கெனவே பட்டியலில் இருக்கின்றன, கல்யாணமும் சிங்க இறால் விருந்தும் ஆட்டமும்தான், ஆகவே அது இதர பயன்பாடு என்றான். வெண்டெல் எழுந்து, "அப்ப இரை வாளியத் தூக்கிட்டு வந்து நானும் பந்தில உக்காரலாமா?" என்று கேட்டார். குழுவில் இருந்தவர்களே சிரித்தார்கள், சிரித்துவிட்டு அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். கல்யாண நாட்களில் படகுகள் துறையில் அணையக் கூடாது என்று அவள் பலகை மாட்டினாள். நாங்கள் மேல்முறையீடு செய்திருக்கிறோம்.

சித்தப்பா போன அந்தச் சனிக்கிழமையும் துறையில் கல்யாணம் இருந்தது. வெண்டெலின் படகு ஆளில்லாமல் வட்டமடித்துக்கொண்டிருந்ததை அப்பாதான் பார்த்திருக்கிறார். கூட்டை இறக்கும்போது கயிறு காலில் சுற்றி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் கயிற்றைத் தூக்கியவரும் அப்பாதான், அதைப் பற்றி அவரிடம் கேட்காதே, என்னிடமும் அவர் சொல்லவில்லை. செய்தி கேட்டு நான் துறைக்கு ஓடினேன். அப்போது தண்ணீர் வற்றியிருந்தது, ஊர்ப் படித்துறையில் முழங்கால் சேறு, படகு அணைய ஆழம் இருப்பது அந்த ஒரு துறையில்தான். வாசலில் சீருடை போட்ட ஒருவன், விசேஷம் முடியட்டும் அம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னான். ஆம்புலன்ஸ் விருந்தாளிகளின் கார்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் முனையைச் சுற்றிப் படகுகள் வந்துவிட்டன, அப்பாவின் படகு முன்னால், மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக, என்ஜினைத் தணித்து. இந்த ஊரில் பிறந்த எவரும் அதைப் பார்த்தால் எந்தப் படகு குறைகிறது என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். விருந்தாளிகள் துறை மேடையின் ஓரத்துக்கு ஓடி வந்து படம் எடுத்தார்கள், மார்னி. கல்யாணத்துக்காக ஏற்பாடு செய்த ஊர்வலம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அப்பா தலையைத் தூக்கிக் கைதட்டுகிறவர்களைப் பார்த்தார். அவருடைய அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

கல்யாணப் பெண்தான் முதலில் என் முகத்தைக் கவனித்தாள். என்ன என்று கேட்டாள், சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கு பலகையில் கட்டியிருந்த பூவையெல்லாம் தன் கையாலேயே பிய்த்துப் போட்டாள், பாட்டை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், அவள் நாளும்தானே கெட்டது. மேசைகளுக்கு நடுவில்தான் வெண்டெலைத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த மேசைகளில் இருந்தது அவர் வியாழக்கிழமை இறக்கிய சிங்க இறால்.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஹாஸ்கெல் மறுபடி வந்தார், அதே சமையலறை, அதே ஆட்கள், ஒரு நாற்காலி காலி. பாஸ்டன் அம்மாளும் ஆடித்தான் போயிருக்கிறாளாம், பத்திரத்தின் பட்டியலைத் திருத்தி எழுதினால் பேசிப் பார்க்கலாம் என்கிறாளாம், இல்லையென்றால் நீதிபதிதான், ஆனால் நீங்கள் பெயர் சொல்லாத பயன்பாட்டை நீதிபதி எப்படிக் காப்பாற்றுவார் என்று கேட்டார். அப்பா முதலில், என் தம்பியைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். நான் காப்பிப் பாத்திரத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டேன். பிறகு அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எழுதுங்க. கடல்ல செத்தவங்கள கரையேத்துறது. கடைசில போடாதீங்க, மொத வரில போடுங்க." கார்வர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஹாஸ்கெல் எழுதினார். ஜெயிப்போமா என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றார்.

நீ முடி வெட்டும் கடைக்கு இடம் பிடித்திருப்பதாகச் சொன்னாயே, வாடகைப் பத்திரத்தில் இதர என்று வந்தால் என்னென்ன என்று கேட்டு எழுதி வாங்கு, கேட்கக் கூச்சமாக இருப்பதை முதலில் கேள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு.

இவர்களுடைய மூடநம்பிக்கையை எவ்வளவு கேலி செய்திருப்பேன். இப்போது அந்த வார்த்தை நம் வீட்டு மேசையில் சொல்லி எழுதியாகிவிட்டது, அப்பாவோ இன்று விடியலில் வெண்டெலின் கூடுகளை எடுத்துவரத் தனியாகப் போயிருக்கிறார். காலையிலிருந்து மூடுபனி. சன்னலை விட்டு நகர முடியாமல்தான் இங்கேயே உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரசவம் நல்லபடியாக ஆகட்டும், கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். முனைப் பக்கம் சத்தம் கேட்கிறது. அப்பாவின் படகுதான். என்ஜினைத் தணிக்கவில்லை, முழு வேகத்தில் வருகிறார்.

உன் அம்மா,
லொரெய்ன்